அபாயப் பகுதிகளில் மின்பணி: பயிற்சியின் தேவையும் பயனும்

நாட்டின் தொழில் வளர்ச்சிக்கு மின்விசை உயிர்நாடி என்பதை எவரும் மறுப்பதற்கில்லை. நிலக்கரிச் சுரங்கத்தின் அடியாழத்தில் காற்றோட்ட விசிறியைச் சுழற்றுவதும், எண்ணெய் சுத்திகரிப்பு நிலையத்தில் இரவும் பகலும் பம்புகளை இயக்குவதும், மாவாலையிலும் மருந்து ஆலையிலும் எந்திரங்களை நடத்துவதும் மின்விசையே. ஆயினும் அதே மின்விசை சில இடங்களில் பேரழிவின் வித்தாகவும் அமைந்துவிடுகிறது. எரியும் வாயுவோ, ஆவியோ, நுண்தூளோ காற்றில் கலந்து நிற்கக்கூடிய இடங்களை அபாயப் பகுதிகள் என்கிறோம். வீட்டில் ஒரு ஸ்விட்சைத் தட்டும்போது அதனுள் தோன்றி மறையும் சிறு பொறியை நாம் பொருட்படுத்துவதில்லை. அபாயப் பகுதியில் அத்தகைய ஒரு பொறி பல உயிர்களுக்கு இறுதியாகக் கூடும்.

இந்தியாவின் நிலக்கரி உற்பத்தி 2024-25 ஆம் நிதியாண்டில் 100 கோடி டன்னைக் கடந்தது. எண்ணெய் சுத்திகரிப்புத் திறன் ஆண்டுக்கு 25 கோடி டன்னுக்கு மேல் உயர்ந்துள்ளது. இயற்கை எரிவாயுக் குழாய்களும் சமையல் எரிவாயு நிரப்பும் நிலையங்களும் பெருகிவருகின்றன. எனவே, அபாயப் பகுதிகளில் மின்பணி ஆற்றுவோரின் தொகையும் பெருகிவருகிறது. கருவிகளுக்காக நாம் கோடிக்கணக்கில் முதலீடு செய்கிறோம். அக்கருவிகளைக் கையாளும் மனிதரின் பயிற்சிக்கு அதே அளவு கருத்துச் செலுத்துகிறோமா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

தீயின் மூன்று தேவைகள்

தீப்பற்றுவதற்கு மூன்று பொருள்கள் ஒருங்கே வேண்டும். எரிபொருள், காற்றிலுள்ள ஆக்சிஜன், பற்றவைக்கும் ஆற்றல் என்பன அவை. இவற்றுள் ஒன்றை நீக்கினாலும் விபத்து நேராது. பாதுகாப்புப் பயிற்சியின் முதற்பாடம் இதுவே.

எரிபொருளும் காற்றும் எந்த விகிதத்தில் கலந்தாலும் வெடிக்கும் என்பதில்லை. நிலக்கரிச் சுரங்கத்தில் ஊறி வெளிப்படும் மீத்தேன் வாயு, காற்றில் ஏறத்தாழ 5 விழுக்காட்டிலிருந்து 15 விழுக்காடு வரை கலந்திருந்தால் மட்டுமே வெடிக்கும். முன்னது கீழ் எல்லை எனவும், பின்னது மேல் எல்லை எனவும் வழங்கும். ஹைட்ரஜனுக்கு இவ்வெல்லைகள் 4 விழுக்காடும் 75 விழுக்காடும் ஆகும். அதாவது, ஹைட்ரஜன் ஏறக்குறைய எந்நிலையிலும் ஆபத்தானது. பெட்ரோல் ஆவிக்குக் கீழ் எல்லை 1.4 விழுக்காடு அளவிலேயே அமைந்துவிடுகிறது. மேலும், பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது தரையோடு தவழ்ந்து கால்வாய்களிலும் கேபிள் செல்லும் பள்ளங்களிலும் தேங்கி நிற்கும். மீத்தேன் காற்றைவிட இலேசானது. அது சுரங்கத்தின் கூரையை ஒட்டித் தங்கும். ஆகவே, வாயு அளவியை எங்கே பிடித்துப் பார்க்க வேண்டும் என்பதுகூடப் பயின்று அறிய வேண்டிய செய்தியாகும்.

பற்றவைக்கத் தேவைப்படும் ஆற்றலோ மிகச் சிறிது. மீத்தேன் கலவைக்கு ஒரு ஜூலில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவான, ஏறத்தாழ 0.28 மில்லிஜூல் போதும். ஹைட்ரஜனுக்கு 0.02 மில்லிஜூல் அளவே தேவை. நைலான் உடையில் உராய்வினால் தோன்றும் நிலைமின்சாரமும் இந்த அளவை எளிதில் எட்டிவிடும். பொறி மட்டுமன்று, சூடேறிய பரப்பும் தீயை மூட்ட வல்லது. கார்பன் டைசல்பைடு என்னும் நீர்மத்தின் ஆவி ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள பரப்பில் பட்டாலே பற்றிக்கொள்ளும். எனவே, பொறி எழுப்பாத மின்மோட்டாராயினும், அதன் மேற்பரப்பு எவ்வளவு சூடாகிறது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

வரலாறு கற்பித்த பாடம்

இவ்வறிவு எளிதில் கிட்டியதன்று. 1815 ஆம் ஆண்டில் சர் ஹம்ப்ரி டேவி, சுடரைச் சுற்றி நுண்ணிய கம்பி வலையை அமைத்த பாதுகாப்பு விளக்கை உருவாக்கினார். வலையின் உலோகம் சுடரின் வெப்பத்தை உறிஞ்சிவிடுவதால், வெளியிலுள்ள வாயு பற்றுவதில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுரங்கங்களில் மின்விசை புகுந்தபோது, ஜெர்மனியில் கார்ல் பேலிங் என்னும் பொறியியலாளர் விரிவான சோதனைகளை நடத்தினார். இன்று பிளேம்ப்ரூஃப் என்று தொழிலாளர் வழங்கும் சுடர் அடக்கும் உறைக்கு அச்சோதனைகள் அடிப்படையாயின.

1913 ஆம் ஆண்டு அக்டோபர் 14 அன்று வேல்ஸ் நாட்டின் செங்கெனித் சுரங்கத்தில் நேர்ந்த வெடிவிபத்தில் 439 தொழிலாளர் மாண்டனர். மின்மணிச் சைகைக் கம்பிகளில் எழுந்த பொறி காரணமாக இருக்கலாம் என்ற ஐயம் அப்போது எழுந்தது. சிறிய மின்கலத்தால் இயங்கும் மணி என்ன தீங்கு செய்யும் என்று அதுவரை கருதியிருந்தனர். பின்னர் நடந்த ஆராய்ச்சிகள், குறைந்த மின்னழுத்தமுள்ள சுற்றிலும் தீமூட்டும் பொறி தோன்றக்கூடும் என்பதை மெய்ப்பித்தன. அதிலிருந்தே, எந்நிலையிலும் தீமூட்டும் அளவுக்கு ஆற்றல் வெளிப்படாதவாறு மின்சுற்றையே வடிவமைக்கும் முறை வளர்ந்தது.

நம் நாடும் பெருவிலை கொடுத்துள்ளது. 1958 ஆம் ஆண்டு பிப்ரவரியில் மேற்கு வங்காளத்தின் சினாகுரி சுரங்க வெடிவிபத்தில் 170க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 1965 ஆம் ஆண்டு மே 28 அன்று, இன்று ஜார்க்கண்டில் உள்ள தோரி சுரங்கத்தில் 268 பேர் இறந்தனர். 2006 ஆம் ஆண்டு செப்டம்பரில் தன்பாத் அருகே பட்டீ சுரங்கத்தில் 50 பேர் உயிரிழந்தனர். இவற்றை மின்விசையின் கணக்கில் எழுதுவதற்காக இங்குக் குறிப்பிடவில்லை. எரியும் கலவை ஒரு முறை உருவாகிவிட்டால், அதன் பின் எந்தப் பொறியும் போதுமானது என்பதை உணர்த்தவே குறிப்பிடுகிறோம்.

பகுதிகளை வகுத்தல்

அபாயம் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஆகவே, வாயு தங்கும் வாய்ப்பைப் பொறுத்து இடங்கள் மூன்று மண்டலங்களாக வகுக்கப்படுகின்றன. எரியும் கலவை இடைவிடாமலோ நெடுநேரமோ இருக்கும் இடம் மண்டலம் 0. பெட்ரோல் தொட்டியின் உட்புறம் இதற்கு எடுத்துக்காட்டு. வழக்கமான இயக்கத்தின்போது அவ்வப்போது கலவை தோன்றக்கூடிய இடம் மண்டலம் 1. வழக்கமான இயக்கத்தில் தோன்றாது, தோன்றினாலும் சிறிது நேரமே நிலைக்கும் என்று கருதப்படும் இடம் மண்டலம் 2. எரியும் தூளுக்கு இதேபோல் 20, 21, 22 என்ற மண்டலங்கள் உண்டு. இவ்வகைப்பாட்டிற்கு இந்தியத் தர நிறுவனத்தின் 5572 ஆம் எண் தரம் நெடுங்காலமாக வழிகாட்டி வந்துள்ளது.

நிலக்கரிச் சுரங்கங்களுக்கு வேறொரு வகைப்பாடு உண்டு. வெட்டியெடுக்கும் ஒவ்வொரு டன் நிலக்கரிக்கும் வெளிப்படும் வாயுவின் அளவு ஒரு கன மீட்டருக்கு மேற்படாத, காற்றிலும் வாயு மிகக் குறைவாக உள்ள படுகை முதல்தரம். ஒன்றுக்கு மேல் பத்து வரை இரண்டாம் தரம். பத்துக்கு மேற்பட்டால் மூன்றாம் தரம். பணியிடத்துக் காற்றில் எரியும் வாயு 1.25 விழுக்காட்டை மிஞ்சினால் மின்விசையை உடனே துண்டித்தல் வேண்டும் என்பது சுரங்க விதிகளில் நெடுங்காலமாக நிலைபெற்ற கட்டளை.

ஈண்டு ஒரு சிறு கணக்கைக் காண்போம். வெடிக்கும் கீழ் எல்லையை 100 எனக் கொண்டு அளவு காட்டும் கருவிகள் பல உள்ளன. அத்தகைய கருவி 20 எனக் காட்டினால், காற்றில் 20 விழுக்காடு மீத்தேன் உள்ளதென்று பொருளன்று. கீழ் எல்லையாகிய 5 விழுக்காட்டில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது காற்றில் 1 விழுக்காடு மீத்தேன் உள்ளதென்றே பொருள். சுரங்க விதி கூறும் 1.25 விழுக்காடு அக்கருவியில் 25 எனத் தோன்றும். எண்ணைப் படிக்கத் தெரிந்தும் அதன் பொருளை அறியாதவர் கையில் அக்கருவி பயன் தராது.

கருவிகளின் பாதுகாப்பு வகைகள்

சுடர் அடக்கும் உறை மிகப் பரவலாக வழங்குவது. இவ்வுறையினுள் வாயு புகாது என்று பலர் நினைக்கின்றனர். அது தவறு. வாயு உள்ளே புகலாம், உள்ளே வெடிக்கவும் செய்யலாம் என்று கருதியே உறை அமைக்கப்படுகிறது. வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்கும் வலிமை அதற்கு உண்டு. மூடியும் உடலும் சேரும் இடத்தில் மிகக் குறுகிய, ஆனால் நீளமான இடைவெளி விடப்பட்டிருக்கும். உள்ளிருந்து வெளியேறும் சுடுவாயு அவ்விடைவெளி வழியே செல்லுகையில் உலோகத்திடம் வெப்பத்தை இழந்து குளிர்ந்துவிடுகிறது. வெளியிலுள்ள கலவை பற்றுவதில்லை. டேவியின் கம்பி வலைத் தத்துவமே இங்கு வேறு வடிவில் பயன்படுகிறது.

உள்ளியல்புப் பாதுகாப்பு இரண்டாம் வகை. அளவிகள், சைகைச் சுற்றுகள் முதலியவற்றில் கம்பி அறுந்தாலும் உராய்ந்தாலும் தீமூட்டும் அளவுக்கு ஆற்றல் எழாது. மண்டலம் 0 போன்ற கடுமையான இடத்திற்கும் ஏற்ற வடிவங்கள் இவ்வகையில் உண்டு. தூய காற்றை உட்செலுத்தி, அழுத்தத்தால் வாயு புகாமல் தடுக்கும் உறையும், பொறியோ மிகுசூடோ எழாதவாறு கூடுதல் கவனத்துடன் கட்டப்பட்ட மிகைப்பாதுகாப்புச் சாதனமும் ஏனைய வகைகளுட் சில.

கருவியின் மேல் பொறித்திருக்கும் குறியீடு ஒரு மருந்துச் சீட்டைப் போன்றது. அது எந்த வாயுத் தொகுதிக்கு ஏற்றது, மேற்பரப்பு எத்துணை சூடாகும் என்பவற்றை அக்குறியீடு தெரிவிக்கிறது. முதல் தொகுதி சுரங்க மீத்தேனுக்கு உரியது. இரண்டாம் தொகுதியில் ஏ பிரிவு புரோப்பேன் போன்றவற்றுக்கும், பி பிரிவு எத்திலீனுக்கும், சி பிரிவு ஹைட்ரஜன், அசிட்டிலீன் ஆகியவற்றுக்கும் உரியவை. வெப்ப வகுப்பு டி-1 முதல் டி-6 வரை செல்லும். டி-1 கருவியின் பரப்பு 450 டிகிரி வரை சூடாகலாம். டி-6 கருவியில் 85 டிகிரிக்கு மேற்படலாகாது. புரோப்பேனுக்கு என்று சான்று பெற்ற பெட்டியை ஹைட்ரஜன் உள்ள இடத்தில் பொருத்துபவர், பார்வைக்குச் சரியான வேலையையே செய்கிறார். பிழை குறியீட்டில் ஒளிந்திருக்கிறது.

இரண்டு போல்ட்டுகள்

இவ்விடத்தில் ஒரு நேர்முக அனுபவத்தைக் கூறுதல் பொருத்தமாகும். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் கிழக்கிந்தியாவில் ஒரு தொழிலகத்தின் மூலதனச் செலவுக் கணக்குகளைப் பரிசீலிக்கச் சென்றிருந்தேன். பொருளாதாரம் பயின்றவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்தவை பேரேடுகளே. ஓய்வு பெறும் நிலையிலிருந்த ஒரு மூத்த மின்பணியாளர், பம்பு நிலையத்தைச் சுற்றிக் காட்டுகையில், ஒரு ஜங்ஷன் பெட்டியின் முன் நின்றார். எட்டு போல்ட்டுகள் இருக்க வேண்டிய மூடியில் ஆறே இருந்தன.

"மூடிதான் மூடியிருக்கிறதே என்று எல்லோரும் நினைக்கிறார்கள், ஐயா. இரண்டு போல்ட்டு இல்லாவிட்டால் இது வெறும் இரும்புப் பெட்டி" என்றார் அவர்.

இதனை எவ்வாறு அறிந்தீர்கள் என்று வினவினேன். பணியில் சேர்ந்து பதினொரு ஆண்டுகள் வரை தமக்கு ஒருவரும் சொல்லவில்லை என்றார். பின்னர் ஒரு பயிற்சி வகுப்பில், ஆசிரியர் ஒரு சிறு பெட்டியை வாயுக் கலவை நிறைந்த கண்ணாடித் தொட்டியில் வைத்து, பெட்டிக்குள் பொறி எழுப்பிக் காட்டினாராம். எல்லாப் போல்ட்டுகளும் இறுகியிருந்தபோது உள்ளே ஓர் ஓசை மட்டும் கேட்டது. இரண்டைத் தளர்த்திவிட்டு மீண்டும் செய்தபோது தொட்டி முழுவதும் தீப்பற்றியது. "அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, ஐயா. அதுவரை நான் மூடிய பெட்டிகளை எல்லாம் எண்ணிக்கொண்டு கிடந்தேன்" என்று அவர் கூறியது இன்றும் நினைவில் நிற்கிறது.

அந்தப் போல்ட்டுகள் பண்டகசாலையில் இருப்பு இல்லை. கொள்முதல் கோரிக்கை பல மாதங்களாக நிலுவையில் இருந்தது. ஆய்வுப் பதிவேட்டிலோ அப்பெட்டிக்கு நேரே 'சரியாக உள்ளது' என்ற குறிப்பும் கையொப்பமும் இருந்தன. கையொப்பமிட்டவர் பொய் சொல்ல எண்ணியவரல்லர். எதைப் பார்க்க வேண்டும் என்பதை அவர் கற்கவில்லை, அவ்வளவே. பிறரைக் குறைகூறும் தகுதி எனக்கும் இல்லை. அவ்வாண்டு நான் தயாரித்த குறிப்பில், பயிற்சிச் செலவை 'இதர செலவினங்கள்' என்னும் தலைப்பில் சேர்த்து, அதனை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கலாம் என்று பரிந்துரைத்திருந்தேன். நாட்டின் வேறொரு பகுதியில் எவரோ ஒருவர் அறியாமல் மூடிக்கொண்டிருக்கும் பெட்டிகளோடு அந்தப் பரிந்துரைக்கும் தொடர்பு உண்டு என்பது அன்று எனக்குத் தோன்றவில்லை.

அன்றாடப் பணியின் ஒழுங்கு

அபாயப் பகுதியில் மின்பணி தொடங்குமுன் பணி அனுமதிச் சீட்டுப் பெறுதல் வேண்டும். எந்தக் கருவி, என்ன பணி, எத்தனை மணி வரை, யார் பொறுப்பு என்பன அதில் தெளிவாக இருத்தல் வேண்டும். அடுத்து மின்விசையை நிறுத்தி, ஸ்விட்சுக்குப் பூட்டுப் போட்டு, எச்சரிக்கை அட்டையை மாட்ட வேண்டும். பூட்டின் சாவி பணி செய்பவரிடமே இருக்க வேண்டும். சோதனைக் கருவி சரியாக இயங்குகிறதா என்று மின்னோட்டமுள்ள ஓரிடத்தில் பார்த்து, பணியிடத்தில் மின்விசை இல்லை என்று உறுதிசெய்து, மீண்டும் அக்கருவியைச் சரிபார்த்தல் முறை. இதனை வாயு இல்லையென்று உறுதியான இடத்திலோ, அப்பகுதிக்குச் சான்று பெற்ற கருவியைக் கொண்டோ செய்தல் வேண்டும். வாயுச் சோதனையைத் தொடக்கத்தில் ஒரு முறை செய்தால் போதாது. பணி நீடிக்கும்போது மீண்டும் மீண்டும் செய்ய வேண்டும். மின்விசை நின்ற உடனே சில பெட்டிகளைத் திறக்கலாகாது. உள்ளிருக்கும் பாகங்கள் ஆறவும், மின்தேக்கிகளின் ஆற்றல் வடியவும் பெட்டியின் மேல் குறித்துள்ள நேரம் வரை காத்திருத்தல் வேண்டும்.

மூடும்போது இணைப்புப் பரப்பில் கீறலோ துருவோ இருக்கலாகாது. அங்கே வண்ணம் பூசுவதும், கசிவைத் தடுக்கிறோம் என்று ரப்பர் அட்டையைச் செருகுவதும் பெருந்தவறு. கேபிள் நுழையும் கிளாண்டு உரிய வகையினதாக இருக்க வேண்டும். பயன்படுத்தாத துளையைச் சான்று பெற்ற அடைப்பானால் மூட வேண்டும்.

ஒரு பணிமுறையினர் அடுத்த பணிமுறையினரிடம் பொறுப்பை ஒப்படைக்கும் நேரம் மிக ஆபத்தானது. 1988 ஆம் ஆண்டு ஜூலை 6 அன்று வடகடலில் பைப்பர் ஆல்பா என்னும் எண்ணெய் மேடையில் 167 பேர் இறந்தனர். பழுதுபார்ப்பதற்காக ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வு கழற்றப்பட்டிருந்த செய்தி இரவுப் பணியினருக்கு எட்டவில்லை. அவர்கள் அப்பம்பை இயக்க முற்பட்டனர். அனுமதிச் சீட்டு முறை அங்கே இருந்தது. அதை நடத்திய விதத்தில் குறை இருந்தது என்பதை விசாரணை வெளிப்படுத்தியது.

ஜெய்ப்பூர் விபத்து

2009 ஆம் ஆண்டு அக்டோபர் 29 அன்று மாலை, ஜெய்ப்பூரை அடுத்த சீதாபுராவிலுள்ள எண்ணெய்க் கிடங்கில், குழாய் வழியே பெட்ரோலை அனுப்பும் பணியின்போது பெருங்கசிவு நேர்ந்தது. ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் பெட்ரோல் பீறிட்டு வெளியேறி, ஆவி மேகமாகக் கிடங்கெங்கும் பரவியது. பின்னர் வெடித்தது. 11 பேர் உயிரிழந்தனர். தீ 11 நாள்கள் எரிந்தது. இதனை ஆராய அமைக்கப்பட்ட எம்.பி. லால் குழு, நிர்வாகக் கட்டடப் பகுதியிலிருந்த, சுடர் அடக்கும் உறை இல்லாத மின்சாதனமோ, இயக்கப்பட்ட வாகனமோ தீயை மூட்டியிருக்கக்கூடும் என்று கருதியது. வரையறுத்த செயல்முறை பின்பற்றப்படாமையையும், தொலைவிலிருந்து வால்வை மூடும் வசதி இயங்காமையையும் சுட்டிக்காட்டியது.

இதிலிருந்து மாணவர் அறிய வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. நிர்வாகக் கட்டடம் போன்ற இடங்களில் சாதாரண மின்சாதனங்களை வைப்பது வழக்கமே. மண்டல வரைபடம், எதிர்பார்க்கக்கூடிய சிறு கசிவுகளைக் கருதியே வரையப்படுகிறது. பெருங்கசிவு நேரும்போது வரைபடத்தின் கோடுகளை ஆவி மதிப்பதில்லை. அந்நிலையில் எந்த ஸ்விட்சையும் தொடலாகாது, வாகனத்தை இயக்கலாகாது, வெளியிலிருந்தே மின்விசையைத் துண்டிக்க வேண்டும் என்பவற்றை மின்பணியாளர் மட்டுமன்றி, எழுத்தரும் காவலரும் வாகன ஓட்டுநரும் அறிந்திருத்தல் வேண்டும்.

சட்டங்களும் அமைப்புகளும்

இந்தியாவில் இதற்கான நிர்வாக அமைப்பு நூறாண்டுக்கு மேற்பட்ட பழைமையுடையது. வெடிபொருள் துறை 1898 ஆம் ஆண்டில் தோன்றியது. அது இன்று பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு என்ற பெயரில் நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்குகிறது. 1902 இல் தொடங்கிய சுரங்க ஆய்வுப் பணி, தன்பாத்திலுள்ள சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககமாக வளர்ந்துள்ளது. அதே நகரிலுள்ள மத்தியச் சுரங்க, எரிபொருள் ஆராய்ச்சி நிறுவனம் இத்தகைய கருவிகளைச் சோதித்து அறிக்கை வழங்குகிறது. எண்ணெய்த் துறையில் 1986 இல் அமைந்த எண்ணெய்த் தொழில் பாதுகாப்பு இயக்ககம் பணி அனுமதி முறை, பகுதி வகைப்பாடு ஆகியவற்றுக்குத் தரங்களை வெளியிட்டுள்ளது.

1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், தொட்டி, குழி போன்ற அடைபட்ட இடங்களில் தக்க பாதுகாப்பு இன்றி 24 வோல்ட்டுக்கு மேற்பட்ட கைவிளக்கைத் தடைசெய்தது. எரிவாயு இருக்கக்கூடுமாயின் சுடர் அடக்கும் வகை விளக்கே வேண்டும் என்றும் விதித்தது. போபால் பேரழிவுக்குப் பின் 1987 இல் செய்த திருத்தம், உடனடி ஆபத்தைக் குறித்து எச்சரிக்கும் உரிமையைத் தொழிலாளிக்கு அளித்தது. தொழிற்சாலைகள் சட்டமும் 1952 ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டமும், 2020 இல் நாடாளுமன்றம் நிறைவேற்றி 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்பு, உடல்நலம், பணிநிலைமைகள் சட்டத் தொகுப்பில் ஒருங்கிணைக்கப்பட்டுள்ளன. மத்திய மின்சார ஆணையம் 2023 இல் வெளியிட்ட பாதுகாப்பு விதிமுறைகளில் சுரங்கங்களுக்கும் எண்ணெய் வயல்களுக்கும் தனி விதிகள் உள்ளன. சட்டம் குறைவென்று சொல்வதற்கில்லை. சட்டத்திற்கும் தொழிலாளியின் கைக்கும் இடையிலுள்ள தொலைவைக் குறைப்பது பயிற்சியின் கடமை.

பயிற்சி எவ்வாறு அமைதல் வேண்டும்

முதலாவதாக, பயிற்சி தொழிலாளியின் மொழியில் இருத்தல் வேண்டும். குறியீடுகள் உலகெங்கும் ரோமன் எழுத்திலேயே உள்ளன. அவற்றைப் படமாக அறிந்து பொருள் கொள்ளுமாறு கற்பிக்கலாம். ஆங்கில வினாத்தாளில் தேறியவர் பாதுகாப்பானவர், தேறாதவர் பாதுகாப்பற்றவர் என்ற முடிவு பிழையானது.

இரண்டாவதாக, அது செய்முறையாக இருத்தல் வேண்டும். பிழையுள்ள பெட்டிகளை வரிசையாக வைத்து, எது தவறு எனக் கண்டுபிடிக்கச் செய்வது நூறு பக்கப் புத்தகத்தைவிடச் சிறந்த ஆசிரியர்.

மூன்றாவதாக, பொறுப்புக்கு ஏற்பப் பாடம் வேறுபட வேண்டும். பொருத்துபவருக்கு ஒரு பாடம், ஆய்வு செய்பவருக்கு ஒரு பாடம், பகுதியை வகுக்கும் பொறியாளருக்கு ஒரு பாடம், அனுமதி வழங்கும் அதிகாரிக்கு ஒரு பாடம். கொள்முதல் அலுவலரும் கணக்கு அலுவலரும்கூட அரை நாள் வகுப்புக்கு வருதல் நன்று. சான்றுடைய கிளாண்டுக்கும் கடைவீதியில் கிடைக்கும் கிளாண்டுக்கும் விலை வேறுபடுவது ஏன் என்பதை அவர்கள் அங்கே அறிந்துகொள்வர்.

நான்காவதாக, மறதிக்கு மருந்தாக மீள்பயிற்சி வேண்டும். 1966 ஆம் ஆண்டின் சுரங்கத் தொழிற்பயிற்சி விதிகள், புதியவர்க்குத் தொடக்கப் பயிற்சியையும் பணியிலுள்ளோர்க்கு மீள்பயிற்சியையும் வகுத்தது முன்னோடியான செயல். கருவிகளைப் பொறுத்தவரை, காலமுறை ஆய்வுகளுக்கிடையே நிபுணர் கருத்தின்றி மூன்றாண்டுக்கு மேல் இடைவெளி விடலாகாது என்று பன்னாட்டுத் தரம் கூறுகிறது. கருவிக்கு உள்ள காலவரையறை மனிதருக்கும் தேவையன்றோ!

செலவும் பயனும்

பொருளாதார நோக்கில் இப்பயிற்சியில் ஒரு சிக்கல் உண்டு. விபத்து நேரும் வாய்ப்பு சிறிது, நேர்ந்தால் இழப்போ மிகப் பெரிது. பயிற்சிச் செலவு ஆண்டுதோறும் கண்ணுக்குத் தெரிகிறது. நேராத விபத்து எந்தப் பேரேட்டிலும் வரவாகப் பதிவதில்லை. ஆகவே, சிக்கனம் என்றதும் முதலில் வெட்டுப்படுவது பயிற்சியே.

ஒப்பந்தத் தொழிலாளரிடத்தில் இச்சிக்கல் இரு மடங்காகிறது. சில மாதங்களே நீடிக்கும் ஒப்பந்தத்தில், ஒப்பந்தக்காரர் செலவிட்டுப் பயிற்றுவித்தால், அதன் பயன் அடுத்த ஒப்பந்தக்காரருக்கோ வேறு ஆலைக்கோ செல்கிறது. பயன் பிறருக்குப் போவதால் முதலீடு குறைகிறது. விபத்தின் சுமையிலும் பெரும்பகுதி, கணக்கு எழுதுபவர் மேல் விழாமல் தொழிலாளியின் குடும்பத்தின் மேல் விழுகிறது. சந்தை தானாகச் சீர்செய்துகொள்ளாத இத்தகைய இடத்தில் பொதுக் கொள்கையின் தலையீடு நியாயமானது.

செய்யத்தக்கவை கடினமானவை அல்ல. பயிற்சி பெற்ற தொழிலாளிக்கு எல்லா ஆலைகளும் ஏற்கும் தகுதி அட்டை வழங்கலாம். தனிநபரின் தகுதிக்குச் சான்று அளிக்கும் முறையைப் பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் ஐ.ஈ.சி.எக்ஸ் அமைப்பு நடத்திவருகிறது. அதனை ஒட்டி இந்திய மொழிகளில், எளிய கட்டணத்தில் ஒரு முறையை வகுக்கலாம். ஒப்பந்தப்புள்ளியில் பயிற்சிச் செலவைத் தனி இனமாகக் காட்டச் செய்தால், விலையைக் குறைப்பதற்காக அதனை விழுங்க இயலாது. தொழிற்பயிற்சி நிலையங்களின் எலக்ட்ரீஷியன் பிரிவு மாணவர்க்கு, அருகில் சுரங்கமோ சுத்திகரிப்பு நிலையமோ உள்ள மாவட்டங்களில், இதனைச் சிறப்புப் பாடமாக வைக்கலாம்.

முடிவுரை

அபாயப் பகுதியில் பாதுகாப்பு என்பது வடிவமைப்பாளர், பொருத்துபவர், ஆய்வாளர், கொள்முதல் அலுவலர், கணக்கர் ஆகிய பலரது கைகளால் பின்னப்படும் சங்கிலி. ஒரு கண்ணி அறுந்தால் மற்றவை பயன்படா. நான் கண்ட அந்தப் பெட்டியில் குறைந்தவை இரண்டு போல்ட்டுகள். அவற்றின் விலை அற்பம். அவற்றின் பொருளை அறிந்த ஒரு மனிதர் அங்கே இருந்தார். அவரது சொல்லைக் கேட்டுக் கொள்முதல் கோரிக்கையை விரைவுபடுத்தும் அறிவு அலுவலகத்தில் இல்லை. அதன்பின் எழுதிய குறிப்புகளில் பயிற்சியை 'இதர செலவினங்கள்' என்ற தலைப்பில் நான் சேர்த்ததில்லை. பாதுகாப்புச் சாதனம் என்ற தலைப்பிலேயே எழுதிவருகிறேன். நாளை கோப்புகளில் கையொப்பமிடப்போகும் மாணவர்களும் இன்று கையொப்பமிடும் அலுவலர்களும், தம் பேனா முனைக்கும் ஆழத்தில் பணிபுரியும் தொழிலாளியின் உயிருக்கும் உள்ள தொடர்பை மனத்தில் கொள்வார்களாயின், இப்பாடத்தின் நோக்கம் நிறைவேறியதாகும்.